12 வயது மகனுக்குப் பேலன்ஸ் போர்டு வாங்கிக் கொடுக்கலாமா?

பள்ளிக் கால்பந்து அணியில் ஆடும் 12 வயது மகனுக்கு ஒரே ஆண்டில் வலது கணுக்கால் இரண்டு முறை சுளுக்கிவிட்டது என்றும், சமநிலைப் பயிற்சிக்காகப் பேலன்ஸ் போர்டு (ஏறி நின்றால் ஆடும் பலகை) வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பலகை இப்போதைக்கு வேண்டாம், பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பதே என் பதில். நான் சிறுவர் சிறுமியருக்குக் கால்பந்து பயிற்றுவிப்பவன், மருத்துவன் அல்லன். ஆகவே எலும்பின் மேல் அழுத்தினால் வலித்தாலோ வீக்கம் வடியாமல் இருந்தாலோ முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த வயதில் கணுக்கால் எலும்பின் முனையிலுள்ள வளர்தட்டு (எலும்பு நீளமாக வளரும் இடம்) இன்னும் மூடியிருக்காது என்பதால், நாம் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பது சில வேளைகளில் அந்தத் தட்டில் பட்ட அடியாக இருந்துவிடுவதுண்டு.

ஒரே கால் மறுபடி மறுபடி பிசகினால் பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று திட்டுவது நம் வழக்கம். அது நியாயமில்லை. இருட்டில் படி இறங்கும்போதுகூடப் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், தசைகளிலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களிலும், எலும்பை எலும்போடு பிணைத்து மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களிலும் பொதிந்திருக்கும் உணர்விகள் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதுதான். இதையே புரொப்ரியோசெப்ஷன் என்கிறார்கள். தமிழில் உடல்நிலை உணர்வு எனலாம். கால் சுளுக்கும்போது தசைநாரோடு சேர்ந்து இந்த உணர்வும் அடிபடுகிறது. வீக்கம் வடிந்து வலி போன பிறகும் அது தானாக முழுமையாகத் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது.

என் அணியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, வலி போய்விட்டது என்று சொல்லி இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல், கண்ணை மூடி, ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன். இடது காலில் அரை நிமிடம் சிலைபோல நின்றாள். சுளுக்கிய வலது காலில் ஐந்து எண்ணுவதற்குள் கை இரண்டும் காற்றில் அலைய ஆரம்பித்தன. குனிந்து பார்த்தால், விரல்கள் மண்ணைக் கவ்வப் பார்க்க, கணுக்காலின் முன்புறத்துத் தசைநாண்கள் ஒன்று மாற்றி ஒன்று புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தன. உங்கள் மகனையும் சுவருக்கு அருகில் நிறுத்தி இதைச் செய்து பாருங்கள். இரண்டு கால்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது.

பலகை பற்றிச் சொல்கிறேன். இத்தாலியில் சுமார் 600 கால்பந்து வீரர்களை வைத்துச் செய்து 1996-இல் வெளியான ஆய்வில், தினமும் 20 நிமிடம் பலகைப் பயிற்சி செய்த அணிகளில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுபடுவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் 2000-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், வீட்டில் பலகை மேல் நின்று பயிற்சி செய்த பெண் வீரர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலகை மேல் நின்றால் பலகை மேல் நிற்கத்தான் பழகும் என்பது என் எண்ணம். ஆட்டத்தில் கால் பிசகுவது குதித்து இறங்கும்போதும், ஓடிக்கொண்டே திரும்பும்போதும், எதிரணிப் பையன் தோளில் இடிக்கும்போதும்தான். அதிலும் ஏசிஎல் அறுபடுவது, பாதம் தரையில் பட்டு ஏறத்தாழ 40 மில்லிவிநாடிக்குள் நடந்துவிடுகிறது. ஆபத்தை உணர்ந்து தசை இறுகுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதால், தரையைத் தொடும் முன்பே கால் சரியான நிலைக்கு வந்திருக்கப் பழக வேண்டும்.

அந்தப் பழக்கத்தைத் தருவதற்கென்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம், நார்வேயின் ஆஸ்லோவிலும் அமெரிக்காவின் சாண்டா மோனிகாவிலும் உள்ள விளையாட்டுக் காய ஆய்வாளர்களோடு சேர்ந்து வடிவமைத்ததுதான் '11+' என்ற வார்ம்-அப். மெதுவோட்டம், வலிமை, சமநிலை, குதித்தல், வேக ஓட்டம் எல்லாம் சேர்த்து 20 நிமிடம். பந்து போதும், கருவி வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் பாதியளவும் குறைந்திருந்தன. (இடுப்புக்குக் கீழான காயங்களை மட்டும் தனியே எடுத்தால் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.) உங்கள் மகன் வயதுக்கு இதன் சிறுவர் வடிவம் பொருந்தும், 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கான அதில், விழும்போது அடிபடாமல் விழுவதும் பாடமாக இருக்கிறது.

'11+'-இல் உள்ள ஒற்றைக்கால் பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், வீட்டு மாடியிலேயே செய்யலாம். முதல் கட்டத்தில் பந்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி, உடல் எடையை முன்பாதத்தில் வைத்து 30 விநாடி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை. இது எளிதானதும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் உங்களோடு ஒற்றைக்காலில் நின்றபடியே பந்தை எறிந்து பிடிக்கலாம். மூன்றாம் கட்டத்தில் கையெட்டும் தூரத்தில் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் தள்ளிப் பார்ப்பது. பிள்ளைகள் இதற்காகவே சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது முழங்காலை. அது பாதத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். உள்பக்கமாகச் சரிந்தால் எத்தனை விநாடி நின்றாலும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் பையன்கள் திடீரென்று உயர்வார்கள். நேற்றுவரை நன்றாக நின்றவன் அப்போது தடுமாறினால் பதறாமல் முதல் கட்டத்துக்கே திரும்பிவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது, சீசன் முழுவதும் செய்ய வேண்டும். போட்டி நெருங்கினால் நேரமில்லை என்று பயிற்சியாளர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். நானும் ஒரு காலத்தில் வெட்டியிருக்கிறேன். உங்கள் பள்ளியில் இதைச் செய்யாவிட்டால் மகனைக் கால் மணி நேரம் முன்னதாக மைதானத்துக்கு அனுப்புங்கள். பலகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால், வெறும் தரையில் வலது காலில் நின்று பந்து பிடிப்பது இடது கால் அளவுக்கு வந்த பிறகு அதன் மேல் ஏற்றலாம்.