ஏடிசி பேச்சை ஸ்கேனர் ரேடியோவில் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது? எங்கே ஆரம்பிக்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறார், தலைக்கு மேல் நாள் முழுக்க விமானம் போகிறது, ஆர்வத்தில் கைபேசியில் லைவ்ஏடிசி என்ற தளத்தைப் போட்டு ஏடிசி பேச்சை (விமானிகளும் அவர்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர்களும் பேசுவதை) கேட்டால் ஒரு வார்த்தையும் புரியவில்லை, இதற்கென்றே ஸ்கேனர் வாங்குகிறவர்கள் என்னதான் கேட்கிறார்கள், வாங்கினால் எதில் தொடங்குவது? நான் இருப்பதும் ஃப்ளஷிங்தான், பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வருடக்கணக்காகக் கேட்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. அதனால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

வாங்குங்கள். ஆனால் வாங்கியதும் ஸ்கேன் பட்டனைத் தொடாதீர்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் ஐம்பது அலைவரிசையை ஏற்றி ஓடவிடுகிறார்கள். அது இங்கே ஒரு வாக்கியம், அங்கே பாதி வாக்கியம் என்று பொறுக்கிக் கொடுக்கும், யார் யாருக்குச் சொன்னார் என்று தெரியாது, கொஞ்ச நாளில் ரேடியோ மேசை டிராயருக்குள் போய்விடும். கைபேசியில் உங்களுக்குப் புரியாமல் போனதற்கும் பாதிக் காரணம் இதுதான். லைவ்ஏடிசிக்கு ஒலியை அனுப்புகிறவர்கள் நம்மைப் போலவே வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் ஆர்வலர்கள், அவர்களில் பலர் இரண்டு மூன்று அலைவரிசையைச் சேர்த்து ஒரே ஓடையில் அனுப்புகிறார்கள். நீங்கள் 118.7 மெகாஹெர்ட்ஸில், அதாவது லகார்டியா விமான நிலையத்தின் டவரில் (இறங்கவும் கிளம்பவும் அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம்), ஒரு மாதம் உட்காருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

ஏன் லகார்டியா என்றால், அது நெருக்கடியான இடம். இரண்டே ஓடுபாதை, ஒவ்வொன்றும் சுமார் 7,000 அடி, இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. பெரும்பாலும் ஒன்றில் இறங்குவார்கள், இன்னொன்றில் கிளம்புவார்கள். ஆகவே இறங்குகிற இரண்டு பேருக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் ஒருவரைக் கிளப்பிவிட வேண்டும், இது காலையிலிருந்து இரவு வரை நிற்காமல் நடக்கும். ஓடுபாதை 22-இல் ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓடுபாதை 13-இன் முனையில் காத்திருப்பவருக்கு "லைன் அப் அண்ட் வெயிட்" வரும்: ஓடுபாதைக்குள் வந்து நேராக நில், கிளம்பாதே. (2010 செப்டம்பர் வரை அமெரிக்காவில் இதையே "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்றார்கள், பழைய பதிவுகளில் கேட்டால் குழம்ப வேண்டாம்.) இறங்கியவர் சந்திப்பைத் தாண்டினாரோ இல்லையோ, "கிளியர்ட் ஃபார் டேக்ஆஃப்", கூடவே அடுத்தவர் இரண்டு மைலில் வருகிறார் என்ற தகவல். அந்த இரண்டு மைலை ஒரு ஜெட் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். நிற்பவர் உருளத் தாமதித்தால் கன்ட்ரோலரின் குரல் உயராது, வேகம் மட்டும் கூடும். அதற்கும் மேல் தாமதமானால் வந்துகொண்டிருப்பவருக்கு "கோ அரவுண்ட்": இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா. காற்று சரியாக இருக்கும் நாளில் டேக்ஆஃப் அனுமதியை ரேடியோவில் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் அதே விமானத்தின் இரைச்சல் எங்கள் சமையலறை ஜன்னலில் வந்து மோதும்.

புரியாத பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் ஆங்கிலம் தெரியாமல் திணறவில்லை, அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் திணறுகிறீர்கள். அதற்கு மருந்து ஏடிஐஎஸ், அதாவது விமான நிலையத்தின் வானிலையையும் ஓடுபாதையையும் சொல்லும் ஒலிபரப்பு. 125.95-இல் லகார்டியாவில் இறங்குகிறவர்களுக்கான ஏடிஐஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும்: ஒரு எழுத்துப் பெயர், நேரம், காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, அழுத்தம், எந்த ஓடுபாதை. திரும்பத் திரும்ப அதையே சொல்லும், நீங்கள் காகிதத்தில் எழுதிப் பழகலாம். மணிக்கு ஒரு தடவை எழுத்து மாறும், பிராவோ போய் சார்லி வரும், அப்புறம் விமானி "வித் சார்லி" என்றால் அவர் கையில் புதிய தகவல் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். விமானத்தின் அழைப்புப் பெயர்களையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் கம்பெனிப் பெயராக இருக்காது: பிரிட்டிஷ் ஏர்வேஸ் "ஸ்பீட்பேர்ட்", ஏர் லிங்கஸ் "ஷாம்ராக்", சைனா ஏர்லைன்ஸ் "டைனஸ்டி", லகார்டியாவில் நிறையக் கேட்கும் ரிபப்ளிக் ஏர்வேஸ் "பிரிக்யார்ட்". குவீன்ஸின் இன்னொரு விமான நிலையமான கென்னடி பக்கம் திருப்பினால் பெரிய விமானங்களின் பெயருக்குப் பின்னால் "ஹெவி" ஒட்டிக்கொள்ளும், ஏ380 வந்தால் "சூப்பர்". பின்னால் வருபவர் அதன் காற்றுச் சுழலிலிருந்து தள்ளி வர வேண்டும் என்பதற்காக.

இவ்வளவு பழகியபின் காது தானாகவே ரீட்பேக்கைப் பிடிக்க ஆரம்பிக்கும். நான் இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்ததே அதனால்தான். கன்ட்ரோலர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொன்னது சரிதானா என்று கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பத்தாயிரம் அடியும் பதினோராயிரம் அடியும் இலக்கம் இலக்கமாகச் சொன்னால் காதில் ஒன்று போலவே விழும், அதனால் சில கன்ட்ரோலர்கள் "ஒன் ஜீரோ, டென் தௌசண்ட்" என்று இரண்டு விதத்திலும் சொல்வார்கள். ஒரு விமானி தவறாகத் திருப்பிச் சொல்லும்போது கன்ட்ரோலருக்கு முன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள், அடுத்த விநாடியே "நெகட்டிவ்" என்று அவர் திருத்துவார். ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள். இதை நேரடியாகக் கேட்பதில் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்ச நஞ்சமல்ல.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு இதே குவீன்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து கென்னடிக்கு வந்த ஏவியாங்கா 52. மோசமான வானிலையில் மூன்று இடங்களில் வட்டமடிக்கவைத்து மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் பேசிய துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் தீர்கிறது என்றார், ஆனால் "எமர்ஜென்சி" என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறியபோது, அவசரநிலை என்று சொல் என்று கேப்டன் ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானி கன்ட்ரோலருக்குத் திசையையும் உயரத்தையும் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒட்டுச் சொல்லாக "எரிபொருள் தீர்கிறது" என்று சேர்க்கிறார். கேட்ட காதுக்கு அது அன்றைக்குக் காத்திருந்த எல்லோரும் சொல்கிற புலம்பல் போலத்தான் இருந்திருக்கும். விமானம் லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் குன்றில் விழுந்தது, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, தீப்பிடிக்க எரிபொருளே இல்லை. இன்றைக்கு இதே வானத்தில் ஒரு விமானி "மினிமம் ஃப்யூவல்" (எரிபொருள் குறைவு, இனித் தாமதம் தாங்காது) என்று சொன்னதும் கன்ட்ரோலர் எப்படிக் கவனிக்கிறார் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 52 நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ரேடியோ சம்பந்தப்பட்டது. 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமான அலைவரிசைகள் இன்றும் ஏஎம்மில்தான் ஓடுகின்றன. எஃப்எம்மில் ஒலி தெளிவாக இருக்குமே, ஏன் மாற்றவில்லை என்று பலர் கேட்பார்கள். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று கத்தும், உடனே யாராவது "பிளாக்ட்" என்பார்கள், திரும்பச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கீச்சொலியே காப்பாற்றாமல் போன நாளும் உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் மூடுபனிக்குள் கேஎல்எம் விமானம் அனுமதி இல்லாமல் கிளம்ப ஓட ஆரம்பிக்கிறது, அதே ஓடுபாதையில் ஒரு பான் ஆம் விமானம் இருக்கிறது. நில், நான் கூப்பிடுகிறேன் என்று டவர் சொல்வதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொல்வதும் ஒரே நேரத்தில் மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் இரைச்சலாக விழுந்தது. 583 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் "டேக்ஆஃப்" என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெப்போதும் சொல்லக்கூடாது என்று ஆனது. லகார்டியா டவரைக் கவனித்துக் கேளுங்கள், மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்" என்றுதான் வரும்.

சரி, ரேடியோ. யூனிடன் பிசி125ஏடி போதும், அல்லது அந்த மாதிரி ஏர் பேண்ட் (விமான அலைவரிசை) எடுக்கிற எந்தச் சாதாரண ஸ்கேனரும். நியூயார்க் போலீஸ் 2023-லிருந்து தங்கள் அலைவரிசைகளைப் பூட்டிக்கொண்டு வருகிறது, அதனால் விலை உயர்ந்த டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கு என்று யாராவது சொல்வார்கள். நமக்குத் தேவையே இல்லை, விமானப் பேச்சில் பூட்டு கிடையாது. கூட வரும் ரப்பர் ஆன்டெனாவுக்குப் பதில் நீட்டுகிற கம்பி ஆன்டெனா ஒன்று வாங்கி 57 சென்டிமீட்டர் அளவுக்கு இழுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள். வித்தியாசம் அப்போதே தெரியும். இந்த ஊரில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் உச்சியிலிருந்து ஏகப்பட்ட எஃப்எம் நிலையங்கள் ஒலிபரப்புகின்றன, சில ரேடியோக்களில் விமானியின் குரலுக்குள் பாட்டு கேட்கும். அதற்கு எஃப்எம் நாட்ச் ஃபில்டர் என்று சின்னதாக ஒன்று கிடைக்கிறது, ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டினால் போதும். 35,000 அடியில் பறப்பவரின் குரல் இருநூறு மைலுக்கு அப்பாலிருந்தும் கேட்கும், ஆனால் அவரோடு பேசும் கன்ட்ரோலரின் குரல் உங்களுக்குக் கேட்காது. நடுவில் கட்டிடங்களும் பூமியின் வளைவும் மறைக்கின்றன, ரேடியோவில் கோளாறு ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் எல்ம்ஹர்ஸ்டில் டிட்மார்ஸ் பூல்வார்டு ஓரமாக இருக்கும் பிளேன்வியூ பார்க்குக்குப் போங்கள். ஓடுபாதை 4-இல் (22-ஐயே எதிர்முனையிலிருந்து பயன்படுத்தும்போது இதுதான் பெயர்) இறங்கும் நாளாக இருக்க வேண்டும், அதை ஏடிஐஎஸ்ஸில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். காரில் போனால் ஸ்கேனர் விஷயத்தில் ஜாக்கிரதை: போலீஸ் அலைவரிசை எடுக்கக்கூடிய ரேடியோவை அனுமதியில்லாமல் வாகனத்தில் பொருத்தி வைத்திருப்பது நியூயார்க் மாநிலத்தில் குற்றம், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. விமானப் பேச்சைக் கேட்பதற்கு அமெரிக்காவில் தடை இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள், இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த வகை ரிசீவரை வைத்துக் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. பிரிட்டனிலும் ஸ்கேனர் கடையில் கிடைக்கும், கேட்பதுதான் குற்றம். லைவ்ஏடிசியில் ஹீத்ரோ இல்லாததற்குக் காரணமும் அதுவே.

டவர் பழகிவிட்டால் அடுத்தது கென்னடி, 119.1. மாலையில் ஐரோப்பா கிளம்பும் வரிசையைக் கேட்டால் ஒரே அலைவரிசையில் பத்து நாட்டு உச்சரிப்பும் கிடைக்கும். அதன்பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் எஸ்எஸ்பி (இந்த வகைக் குரலைப் பிடிக்கத் தேவையான வசதி) உள்ள ஒரு சிற்றலை ரேடியோ வாங்கி 5598, 8906 கிலோஹெர்ட்ஸைத் தேடுங்கள். அட்லாண்டிக் நடுவில் விஎச்எஃப் (நாம் இதுவரை கேட்ட அலைவரிசை வகை) எட்டாது, கடல் மேல் பறப்பவர்களுக்கான "நியூயார்க் ரேடியோ"வை விமானிகள் அதில்தான் கூப்பிடுவார்கள். இப்போது பெரும்பாலானவை டேட்டா லிங்கில், அதாவது எழுத்துச் செய்தியாக, போய்விட்டதால் முன்னளவுக்குப் பேச்சு இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த ரேடியோக்களில் எது தேவலை என்று வேண்டுமானால் கருத்தில் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.