ஹட்டனில் பாடசாலைச் சதுரங்கப் போட்டிக்குப் போகும் மகள் கறுப்பில் ஆடினால் பத்து நகர்த்தலுக்குள் தோற்கிறாள். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 குதிரை எஃப்6, குதிரை ஜி5 என்று வருகிறது (வெள்ளையின் நகர்த்தல் முதலில், கறுப்பின் பதில் அடுத்து; எழுத்தும் எண்ணும் காய் போய் நிற்கும் கட்டம்). எங்கே பிழை?

இதுவரை பிழையே இல்லை. நாலாவதாக டி5 தள்ளுவதும் சரி. வெள்ளை சிப்பாயால் டி5ஐ வெட்டியதும் பிள்ளைகள் குதிரையால் திருப்பி வெட்டுவார்கள். அங்கேதான் கதை முடிகிறது. வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்து ராணியையும் கோட்டையையும் ஒன்றாகப் பிடிக்கும். ராஜா அதை வெட்டியே ஆகவேண்டும். அடுத்து ராணி எஃப்3, செக். டி5 குதிரையைக் காக்க ராஜா இ6க்கு, நடுப்பலகைக்கே, ஏறவேண்டும். வெள்ளையின் மற்றக் குதிரை சி3க்கு வந்தால், கட்டுண்டு நிற்கும் (அசைந்தால் ராஜாவுக்குச் செக்) அந்தக் குதிரைமேல் மூன்று காய்கள். கணினி தாக்குப்பிடிக்கும், மணி ஓடும்போது பிள்ளைக்குக் கஷ்டம்.

ஆகவே ஐந்தாவது நகர்த்தலில் குதிரை ஏ5, சி4 மந்திரிமேல். மந்திரி பி5 செக் என்றால் சி6; டி5 சிப்பாய் அதை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டலாம். ஒரு சிப்பாய் குறையும், அதற்காக அழவேண்டாம். மந்திரி இ2க்குப் பின்வாங்கினால் எச்6, குதிரை எஃப்3, உடனே இ4: வெள்ளைதான் ஓடும். ஏ5 குதிரையை மட்டும் ஓரத்திலேயே மறந்துவிடக்கூடாது.

இவ்வளவும் மனதில் நிற்காதென்றால் மூன்றாவதாகக் குதிரை எஃப்6க்குப் பதிலாக மந்திரி சி5. எஃப்6 காலியாக இருப்பதால் ஜி5க்கு வரும் குதிரையை டி8 ராணியே வெட்டிவிடும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு நான் இதையே முதலில் கொடுப்பேன்.