ஏன் சனிக்கிழமை?

கேள்வி: அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஜான்ஸ் கிரீக்கில் இருக்கிறோம். ஒரே மகள், வயது 20, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கன்ட்ரி என்கிற அமெரிக்க கிராமியப் பாணிப் பாட்டு என்றால் அவளுக்கு உயிர். ஆலன் ஜாக்சன் என்ற பாடகர் 1993-இல் ‘சட்டாஹூச்சி’ பாட்டுக்கு வீடியோ எடுத்த நினைவுகளைப் படித்ததிலிருந்து, தானும் அப்படி ஒரு கோடைக்கால வீடியோ எடுக்கப் போகிறேன் என்கிறாள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, லேனியர் ஏரியில் அவள் வாட்டர் ஸ்கீயிங் செய்வதை, அதாவது படகு கயிற்றால் இழுக்கத் தண்ணீர் மேல் சறுக்கி வருவதை, படம் பிடிக்கப் போகிறார்களாம். படகில் வந்து உட்காரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது, ஆபீஸ் வேலையும் இருக்கும், தோழிகள் யாரையாவது கூப்பிட்டுக்கொள் என்றேன். இப்போது ஒரு செமஸ்டர் லீவு போட்டு, கன்ட்ரி பாடகர்கள் வாய்ப்புத் தேடிப் போகிற நாஷ்வில் நகருக்குப் போவதாகச் சொல்கிறாள். நம் வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தொப்பியும் ஜீன்ஸும் எதற்கு? அவள் மனம் மாற நாலு வரி எழுதுங்கள். அவள் அம்மா வாசித்துக் காட்டுவாள்.

பதில்: அவளுக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இது உங்களுக்கு.

தொப்பி, ஜீன்ஸ், நாஷ்வில் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு விஷயத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். படகில் வந்து உட்காரச் சொன்னாளே, எதற்கு என்று கேட்டீர்களா? படகு ஓட்டுகிறவர் முன்னால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவரையே பார்த்தபடி இன்னொருவர் படகில் இருக்க வேண்டும். அவள் கட்டை விரலை மேலே காட்டினால் வேகத்தைக் கூட்டச் சொல்வது, கீழே காட்டினால் குறைக்கச் சொல்வது, விழுந்தால் அந்த நொடியே படகைத் திருப்பச் சொல்வது, இதுதான் அவருடைய வேலை. தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிகிற ஒருத்தி மற்ற படகுக்காரர்கள் கண்ணில் படுவது கஷ்டம். இதற்கு நீச்சல் தெரிய வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தால் போதும். தோழிகள் கேமராவைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். தான் விழுந்தால் பதறுகிற ஆளாகப் பார்த்துத்தான் உங்கள் மகள் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்புறம், ஏன் சனிக்கிழமை? கோடையில் வார இறுதி என்றால் லேனியரில் படகுக் கூட்டம் தாங்காது. படம் பிடிக்கிற யாரும் செவ்வாய், புதன் என்று அமைதியான நாளாகத்தான் பார்ப்பார்கள். கல்லூரி விடுமுறையில் இருப்பவளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். சனிக்கிழமை யாருக்கு வசதி? உங்களுக்கு! அதற்கும் ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அன்று வேலை இருக்கிறதா, இல்லை, வாயில் வந்ததைச் சொன்னீர்களா?

அந்த ஆலன் ஜாக்சன் உங்கள் ஜார்ஜியாவின் நியூனன் ஊர்க்காரர், ஒரு மெக்கானிக்கின் மகன். கிழிந்த ஜீன்ஸும் தொப்பியும் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டுமாக அந்த வீடியோவில் தண்ணீரில் சறுக்கி வருகிறார். அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கம் கொடுக்கிற சி.எம்.ஏ. விருதுகளில் சிறந்த வீடியோ அதுதான். ஆனால் 2000-இல் அவருடைய அப்பா இறந்த பிறகு அவர் எழுதிய ‘டிரைவ்’ பாட்டையும் உங்கள் மகளிடம் கேட்டு வாங்கிக் கேளுங்கள். அதில் ஒரு பழைய பிளைவுட் படகு வரும். அதைப் பையன் கையில் ஓட்டக் கொடுக்கிற அப்பா வருவார். பிறகு அந்தப் பையனே மூன்று பெண்களுக்கு அப்பாவாகித் தன் ஜீப்பை அவர்கள் கையில் கொடுப்பார். அப்பாவை நினைத்தபோது அந்த மனிதருக்கு வந்தது அந்தப் படகுதான். உங்களை நினைக்கும்போது உங்கள் மகளுக்கு என்ன வரும்?

2021-இல் ஜாக்சனே ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். சார்கோ-மேரி-டூத் என்ற நரம்பு நோய், அப்பா வழியில் வந்தது, மேடையில் நிற்கும்போதே தடுமாறுகிறது என்று. 1993-இல் தண்ணீர் மேல் நின்ற கால்கள் அவை. உங்கள் மகளும் அடுத்த கோடையில் எந்த ஊரில் இருப்பாளோ.

படிப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. முடிக்கத்தான் வேண்டும். ஜாக்சன் 1985-இல் நாஷ்வில் போய் ஒரு டி.வி. நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தார். பெரிய நிறுவனம் ஒன்றில் அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1990-இல். ஒரு செமஸ்டர் லீவில் அங்கே என்ன நடந்துவிடும்? ஆனால் இதை நான் எழுதி அம்மா வாசித்துக் காட்டக் கூடாது. அப்பா சொல்ல வேண்டும். பெற்றவர் சொல்லைப் பிள்ளை கேட்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் நான். ஃபீஸ் கட்டியதால் மட்டும் அப்படிச் சொல்கிற உரிமை வந்துவிடாது. கூப்பிட்டபோது போகாத அப்பா, நாஷ்வில் போகாதே என்றால் அவள் ஏன் கேட்க வேண்டும்?

இன்று ராத்திரியே அவளிடம் போய், படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கைச் சைகைகளை அவளையே சொல்லித்தரச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை முழுக்கக் கல்லூரிப் பேச்சை எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுங்கள்.