கொட்டேஷனை ஒப்பிடும் முன் பாஸ்வேர்ட் யாரிடம் என்று பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். ஆபீஸ், இரண்டு யூனிட் எல்லாம் சேர்த்து 40 கம்ப்யூட்டர், ஒரு சர்வர், டேலி, கேமரா இருக்கின்றன. இதுவரை ஒரு தம்பிதான் அத்தனையையும் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அடுத்த மாதம் கிளம்புகிறார். வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்று மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று வருட ஏஎம்சி, தொகை ரொம்பக் குறைவு. இரண்டாவது, கம்ப்யூட்டருக்கு மாதம் இவ்வளவு என்று. மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் விலை கூடுதல், ஆட்களும் கோவையில் இருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. அதனால் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஏஎம்சி என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது பழுதானபின் வந்து சரிசெய்வது. அதிலும் பாகத்தோடு சேர்ந்ததா, வெறும் லேபரா என்று இரண்டு வகை. பாகத்தோடு எடுத்திருந்தால் ஹார்ட் டிஸ்க் போனதும் புதிது மாட்டித் தருவார்கள். ஆனால் போன டிஸ்க்கில் இருந்த டெக் பேக்குக்கும் (டிசைன், அளவு விவரம்) காஸ்டிங் ஷீட்டுக்கும் (விலைக் கணக்கு) அவர்கள் பொறுப்பல்ல. கம்ப்யூட்டருக்கு மாதம் இவ்வளவு என்று கேட்பவர்கள் பழுது வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பணம் கேட்கிறார்கள். அப்டேட், ஆன்டிவைரஸ், பேக்கப், கண்காணிப்பு எல்லாம் அதில் வரவேண்டும். வெளிநாட்டு பையரோடு மெயிலில் வியாபாரம் நடக்கும் இடத்தில் ஏஎம்சி மட்டும் போதாது. ஆக, போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான்.

அந்த இரண்டு பேரிடமும் உங்கள் பட்டியலைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். கேமரா, பிரிண்டர், பிங்கர்பிரிண்ட் மெஷின், பேட்டர்ன் போடும் கேட் (CAD) சிஸ்டம் இவையெல்லாம் உள்ளே வருமா? மாதம் எத்தனை தடவை நேரில் வருவார்கள்? லைசென்ஸ் விலை சேர்ந்ததா, தனியா? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னார்களா? இத்தனையும் எழுதி வந்தபிறகு விலை வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். பலரும் கேட்க மறப்பதும் இதைத்தான். உங்கள் கம்பெனி டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மெயிலுக்கு மேல்மட்ட அட்மின் யார்? ஃபயர்வால், சர்வர், கேமரா டிவிஆர் இவற்றின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? டேலி லைசென்ஸ் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது? உங்கள் தம்பி நல்லவராகவே இருப்பார். ஆனால் டொமைனை அவருடைய சொந்த ஜிமெயிலில் பதிந்து, புதுப்பிக்கும் ஓடிபி அவருடைய செல்லுக்குப் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு நிறைய. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அன்றைக்கு அவசரத்தில் அப்படிப் போட்டிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து டொமைன் காலாவதியானால் அன்று மெயில் நிற்கும், பையருக்கு அனுப்பியது திரும்பி வரும்.

அவர் கிளம்பும் முன் எல்லாவற்றையும் கம்பெனி பெயருக்கு, கம்பெனி மெயிலுக்கு, கம்பெனி செல் நம்பருக்கு மாற்றுங்கள். மெயிலுக்கும் சர்வருக்கும் உங்களுக்கென்று தனியாக ஒரு அட்மின் கணக்கு வைத்து, அதன் பாஸ்வேர்டைக் கவரில் போட்டு ஒட்டி பீரோவில் வையுங்கள். புது நிறுவனத்துக்குக் கொடுப்பது வேறொரு அட்மின் கணக்காக இருக்கட்டும். வேண்டாம் என்று முடிவெடுத்த அன்றே அதை நிறுத்த முடியவேண்டும். ‘பாஸ்வேர்ட் எங்களிடம் இருந்தால்தான் பாதுகாப்பு, கஸ்டமருக்குத் தருவதில்லை’ என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும் ஒப்பந்தம் போடாதீர்கள். வீட்டுச் சாவியை வாடகைக்கு வந்தவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் வெளியே நிற்க முடியாது.

அடுத்து பேக்கப். ‘தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்று மூன்று பேரும் சொல்லியிருப்பார்கள். எடுப்பது பாதி வேலை, திரும்பக் கொண்டுவருவது மீதி. பல ஆபீஸில் சர்வரிலேயே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நிரந்தரமாகச் செருகி வைத்திருப்பார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் சர்வருக்குள் நுழைந்தால் அந்த டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப்புக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அந்த வெளிப் பிரதி, சர்வர் பாஸ்வேர்ட் தெரிந்தவரால்கூட அழிக்க முடியாதபடி இருக்கவேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வேலையை ஒப்படைத்த முதல் மாதத்திலேயே அவர்களை ஆபீஸுக்கு வரச்சொல்லுங்கள். போன வாரத்தில் ஒரு தேதியைச் சொல்லி, அன்றைய பேக்கப்பிலிருந்து டேலி டேட்டாவைச் சம்பந்தமே இல்லாத வேறொரு லேப்டாப்பில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அக்கவுண்டன்ட் பக்கத்தில் உட்கார்ந்து டே புக்கைத் திறந்து, அன்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் எரிந்துபோனால் உங்கள் வேலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு அந்த நேரம்தான் உண்மையான கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இதற்குத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிடலாம்.

நேரக் கணக்கு இன்னொரு கண்ணி. ‘4 மணி நேரத்தில் பதில்’ என்று எழுதியிருப்பார்கள். பதில் என்றால் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று ஒரு நம்பர் வருவதும் பதில்தான். சரிசெய்து முடிக்க எவ்வளவு நேரம் என்பது தனி. இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எல்லாக் கோளாறுக்கும் ஒரே நேரம் வேண்டியதில்லை. ஒரு பிரிண்டர் ஓடாததற்கு மறுநாள் வந்தால் போதும், சர்வர் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வேலையில் இறங்கியிருக்கவேண்டும். ‘99 சதவீதம் இயங்கும்’ என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 30 நாள் மாதத்துக்கு அது 7 மணி 12 நிமிடம் நிற்கலாம் என்று அனுமதி கொடுப்பது. 99.9 என்றால் 43 நிமிடம். அப்புறம், அவர்களுடைய வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, ஞாயிறு விடுமுறை என்று இருந்தால் உங்களுக்கு ஒத்துவராது. இரவு 10 மணிக்கு தூத்துக்குடிக்கு வண்டி கிளம்பவேண்டும், இ-வே பில் போடும் கம்ப்யூட்டர் நெட் எடுக்கவில்லை என்றால் யாருக்குக் கூப்பிடுவது? ஷிப்மென்ட் நாட்களில் இரவு அழைப்புக்குத் தனிக்கட்டணம் கேட்டாலும் கொடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதியாளர்களை உண்மையிலேயே நோகடிப்பது ரேன்சம்வேரைவிட மெயில் மோசடி. பையரோடு ஆர்டர் விஷயம் பேசும் மெர்ச்சண்டைசருடைய மெயிலுக்குள் யாரோ நுழைந்து, அமைதியாகப் படித்துக்கொண்டே இருப்பார்கள். பேமென்ட் தேதி நெருங்கும்போது, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் பெயரிலேயே பையருக்கு மெயில் போகும். பையர் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டாலும் அந்தப் பதில் உங்கள் கண்ணில் படாது. இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொல் வரும் மெயிலெல்லாம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி உள்ளே ஒரு ரூல் போட்டு வைத்திருப்பார்கள். அதனால் இரண்டு நிறுவனத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘எங்கள் மெயில் கணக்குகளில் இப்படி ஒரு ரூலோ, வெளியே அனுப்பும் ஃபார்வர்டிங் ரூலோ புதிதாக உருவானால் உங்களுக்கு எப்படித் தெரியும்?’ வேலை தெரிந்தவர் உடனே எந்த அலர்ட் எங்கே வரும் என்று சொல்வார். இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குக்கும் போடுவது, உங்கள் பெயரில் வேறு யாரும் போலி மெயில் அனுப்புவதைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனில் சரியாக வைப்பது பற்றியும் பேசுவார். ‘நல்ல ஆன்டிவைரஸ் போட்டுத் தருகிறோம் சார்’ என்பது இந்தக் கேள்விக்குப் பதிலல்ல. இதைத் தாண்டிப் பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லவேண்டும் என்பதை உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் எல்லோரும் தெரிந்திருக்கட்டும்.

நம் பாதுகாப்பை ஒப்படைக்கிற நிறுவனம் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். 2021 ஜூலையில் ஐடி பராமரிப்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா என்ற மென்பொருள் வழியாக ரேன்சம்வேர் பரவியது. ஸ்வீடனில் கூப் என்ற சூப்பர் மார்க்கெட் தன் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூடவேண்டி வந்தது. கூப் அந்த மென்பொருளை வாங்கியதே இல்லை. அவர்களுடைய பில்லிங் கவுன்டரைப் பராமரித்தவர்கள் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் தடைபட்டது. எனவே கேளுங்கள்: ரிமோட்டில் உள்ளே வர என்ன பயன்படுத்துகிறீர்கள்? ஒவ்வொரு இன்ஜினியருக்கும் தனி லாகின் உண்டா, இல்லை எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டா? ஒருவர் வேலையை விட்டால் எவ்வளவு நேரத்தில் அவருடைய அனுமதியை நிறுத்துகிறீர்கள்? ரிமோட்டில் யார் எப்போது வந்தார் என்ற பதிவு எங்களுக்குக் கிடைக்குமா?

சட்டமும் உங்களைத்தான் பார்க்கும். தொழிலாளர்களின் ஆதார் நகல், பிஎஃப் விவரம், கைரேகை எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளி நிறுவனம் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும், சிஸ்டத்தில் யார் எப்போது என்ன செய்தார் என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். இந்த இரண்டையும் யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

வந்தவுடன் அவர்கள் எடுத்துக் கொடுக்கும் முதல் அறிக்கையையும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எத்தனை கம்ப்யூட்டர் இன்னும் அதில் ஓடுகின்றன, எதை மாற்றவேண்டும், எதை அப்கிரேட் செய்தால் போதும் என்று பிரித்துச் சொல்லவேண்டும். பேட்டர்னைப் பிரிண்ட் எடுக்கும் பிளாட்டரோடு இணைந்த பழைய கம்ப்யூட்டரை உடனே தூக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதை நெட்டிலிருந்து பிரித்துத் தனியாக வைப்போம் என்று சொல்பவர் களம் தெரிந்தவர். ‘எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள், நாங்களே சப்ளை செய்கிறோம்’ என்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

வெளியே கொடுத்தாலும் உள்ளே ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். ஐடி படித்தவராக இருக்கவேண்டியதில்லை. அக்கவுண்ட்ஸிலோ நிர்வாகத்திலோ விவரமான ஒருவர் மாதம் ஒரு முறை உட்கார்ந்து, எத்தனை புகார் போனது, எத்தனை முடிந்தது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் போதும்.

கோவை தூரமா என்ற தயக்கத்துக்கு வருகிறேன். 50 கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை, பெரும்பாலான வேலை ரிமோட்டில்தான் நடக்கும். ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சும் ஒரு தயார் நிலை கம்ப்யூட்டரும் உங்கள் யூனிட்டிலேயே ஸ்பேராக இருந்தால், ஆள் வந்து சேரும்வரை வேலை ஓடும். அந்த நிறுவனத்திடம் உங்கள் அளவில் இருக்கும் இரண்டு கஸ்டமர் நம்பர் வாங்கி, நீங்களே பேசுங்கள். ‘சர்வீஸ் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். ‘கடைசியாகப் பெரிய பிரச்சினை எப்போது வந்தது, அன்று என்ன செய்தார்கள்?’ என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். பிறகு வருடத்துக்குப் போகும்போதும் 30 நாள் நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம், விலகும்போது எல்லா பாஸ்வேர்டையும் நெட்வொர்க் வரைபடத்தையும் தனிக்கட்டணம் இல்லாமல் ஒப்படைக்கவேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பேக்கப் சோதனைக்கும் இந்த வரிக்கும் மூன்றாவது நிறுவனம் சம்மதித்து இரண்டாவது தயங்கினால், கூடுதல் பணம் கொடுத்து மூன்றாவதையே எடுங்கள். இரண்டு பேரும் சம்மதித்தால் விலை குறைந்தவரை எடுப்பதில் தப்பே இல்லை.