ஸ்டார்ட்டரை யார் அழுத்துவது? டீலர் சந்திப்பின் முதல் அரை மணி நேரம்

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கிறோம். கம்பெனியின் 25ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்கு டீலர் சந்திப்பு வைத்திருக்கிறோம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருபவர்களையும் சேர்த்து சுமார் 180 பேர். போன முறை தொடக்க நிகழ்ச்சியே ஒரு மணி நேரம் இழுத்து, பாதிப் பேர் டீ குடிக்க வெளியே போய்விட்டார்கள். இந்த முறை லேசர் ஷோ, நடனம் என்று ஏதாவது வைக்கலாமா? அப்பாவோ விளக்கேற்றம், நாதஸ்வரம், பொன்னாடை எதையும் விடக்கூடாது என்கிறார். ராகு காலத்தில் தொடங்கவும் கூடாதாம். என்ன செய்யலாம்?

பதில்: லேசர் ஷோ வேண்டாம். அந்தப் பணத்தைக் காலை டிபனில் போடுங்கள். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவருக்கு சூடான பொங்கலும் நல்ல காபியும் கிடைத்தாலே பாதி வரவேற்பு முடிந்தது. அப்பா கேட்பது எதையும் விட வேண்டியதில்லை. அவற்றின் இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும்.

போன முறை ஒரு மணி நேரம் எங்கே போனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுந்து வந்து, பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்குத் திரும்பி நின்று, நினைவுப் பரிசு வாங்கி உட்கார ஒன்றரை நிமிடம் ஆகும். மேடையில் 10 பேர் என்றால் 15 நிமிடம். அப்புறம் பேச வருபவர் ஒவ்வொருவரும் அந்தப் பத்துப் பேரையும் பதவியோடு சேர்த்து ‘அவர்களே’ போட்டு விளிக்க ஒரு நிமிடம். ஆறு பேர் பேசினால் ஆறு நிமிடம். இவ்வளவு நேரமும் எதிரே உட்கார்ந்திருக்கும் 180 பேருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. உங்கள் பம்பை ஊர் ஊராக விற்றுக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். தொடக்கம் அவர்களுக்காக இருக்க வேண்டும்.

எனவே பொன்னாடையை மேடையிலிருந்து வாசலுக்குக் கொண்டு வாருங்கள். சிறப்பு விருந்தினர்கள் வந்து இறங்கும்போதே உங்கள் அப்பா தன் கையால் போர்த்தி உள்ளே அழைத்து வரட்டும். போட்டோகிராபரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று வரவேற்பதில் இருக்கும் மரியாதை, ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பதில் கிடையாது. மேடையில் மூன்று நாற்காலி போதும். மற்ற விருந்தினர்களுக்கு முதல் வரிசை. தொகுப்பாளர் எல்லார் பெயரையும் ஒரே ஒரு முறை, பிழையில்லாமல் சொல்லட்டும். பிறகு பேச வருகிறவர்கள் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று நேரே விஷயத்துக்கு வரலாம். இதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாதஸ்வரத்துக்கும் அதே வாசல்தான். திறந்த வெளிக்கும் கோயில் வீதிக்கும் உரிய வாத்தியம் அது. ஏசி ஹாலுக்குள் வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. 8.15 முதல் 9.45 வரை வாசலில் வாசிக்கட்டும். அவர்களுக்கு ஹாலுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ராகு காலத்தைப் பொறுத்தவரை அப்பா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சூரிய உதயத்தை 6 மணியாக வைத்துச் சொல்லும் கணக்கில், சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. உங்கள் 10 மணி சரியாக அதற்குள் விழுகிறது. எமகண்டம் மதியம் 1.30க்கு மேல்தான். ஆகவே 8.30க்கே குடும்பத்தாரும் அதற்குள் வந்துவிட்ட டீலர்களும் சேர்ந்து குத்துவிளக்கை ஏற்றிவிடுங்கள். நல்ல நேரத்தில் விழா தொடங்கிவிட்டது. விளக்கு மேடையோரம் எரிந்துகொண்டே இருக்கும், 10 மணிக்கு நிகழ்ச்சியைத் தயங்காமல் ஆரம்பிக்கலாம். ஏசி காற்று நேரே படாத இடமாகப் பார்த்து விளக்கை வையுங்கள். திரிகளை எண்ணெயில் நன்றாக ஊற வைத்து, ஒரு முறை ஏற்றி அணைத்திருந்தால், ஏற்றும்போது உடனே பற்றும். ஹோட்டல் ஹால் என்றால் புகை அலாரம் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, 10 மணி. முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் இதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஒலிக்க விடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் ஊழியர் வீட்டில் பாடத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் கேளுங்கள்.

பாட்டு முடிந்ததும் உட்காரச் சொல்லாதீர்கள். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், அதுதான் உங்களுக்கு வேண்டும். தொகுப்பாளர் சொல்லட்டும்: “அப்படியே நில்லுங்க. நம்மகூட இந்த வருஷம் சேர்ந்தவங்க மட்டும் உட்காரலாம். புதுசா வந்தவங்களுக்குத்தான் முதல் கைதட்டல்.” அடுத்து 5 வருடம் வரை, 10 வருடம் வரை, 15, 20 என்று போகும். ஒவ்வொரு குழு உட்காரும்போதும் கைதட்டல். கடைசியில் முதல் வருடத்திலிருந்தே உங்களோடு இருப்பவர்கள் மட்டும் நிற்பார்கள். ஹாலே திரும்பி அவர்களைப் பார்க்கும். தேனிக்காரர் பக்கத்தில் பாலக்காட்டுக்காரர் நிற்பார். வயதானவர்களின் முழங்காலை நினைத்து, இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம் அவர்களை முன்னால் அழைத்து, உங்கள் பம்பையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார். குழாய் அதே தொட்டிக்குள் திரும்பி விழட்டும். அவர்களில் மூத்தவர் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்துகிறார், தண்ணீர் பாய்ந்து விழுகிறது, அதே நொடியில் உள்ளே வந்து காத்திருக்கும் தவில்காரர்கள் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். கெட்டிமேளம் கேட்டால் நம் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க விவசாயிகளுக்கு மோட்டார் போட்டுக் கொடுத்த கை, அன்றைக்கு உங்கள் விழாவைத் தொடங்கி வைக்கிறது. ரிப்பன் வெட்டுவதற்கு இந்த அர்த்தம் வராது. சிறப்பு விருந்தினர் பக்கத்தில் நின்று கைதட்டட்டும். அவர் தப்பாக நினைக்க மாட்டார், முன்கூட்டியே சொன்னால்.

அதன்பின் உங்கள் பேச்சு, ஐந்து நிமிடம். டர்ன்ஓவர் கணக்கு அதில் வேண்டாம். போன வருடம் டீலர்கள் சொன்ன குறைகளில் எதைச் சரிசெய்தீர்கள் என்று ஆரம்பியுங்கள். வாரன்டி மோட்டார் திரும்பி வரத் தாமதமானதா? அதைச் சொல்லுங்கள். பாலக்காட்டு நண்பர்களுக்காக இரண்டு வாக்கியம் மலையாளத்தில் பழகிக்கொள்ளுங்கள். 10.30க்குள் முதல் அமர்வுக்குப் போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை மாலையே முழு ஒத்திகை பாருங்கள். தொட்டியில் 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன் எடை, பிளைவுட் மேடை தாங்காது. மேடைக்கு முன்னால் தரையில் வையுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்கு இழுக்கும், அதனால் சவுண்ட் சிஸ்டமும் எல்.இ.டி. திரையும் இருக்கும் லைனில் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். தனி லைன், சரியான எர்த், கசிவு மின்சாரம் தெரிந்தால் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றும் கட்டாயம். உங்கள் எலக்ட்ரீஷியன் ஒருவர் விழா முடியும் வரை பக்கத்திலேயே நிற்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் தொட்டிக்குள் கைவிடாதபடி சுற்றிலும் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். தண்ணீர் விழும் சத்தம் மைக்கில் ஏறும், ஒரு நிமிடம் ஓடியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். விழா முடிந்ததும் அத்தனை தண்ணீரையும் எங்கே வடிப்பது என்று ஹால் மேனேஜரிடம் வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.