83 நூல்களைக் காணோம், சம்பளத்தில் பிடிக்கலாமா?

அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நூலகர் எழுதியிருக்கிறார். பிஎச்.டி. முடித்தவர், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சேர்ந்த அன்று யாரும் இருப்பை எண்ணி ஒப்படைக்கவில்லை, சாவியை மட்டும் கொடுத்தார்கள். கடைசி ஸ்டாக் வெரிஃபிகேஷன் (நூல்களை எண்ணிச் சரிபார்ப்பது) அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்தது. இந்தக் கோடையில்தான் எண்ணினார்கள், 24,000 நூல்களில் 83 இல்லை. விலை 41,000 ரூபாயைச் சம்பளத்தில் பிடிப்போம், பதவி உயர்வுக் கோப்பும் நகராது என்று செயலர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டாராம். "நான் திருடினேனா சார்?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் பயம் எல்லாம் தொலைந்த நூல்களை ரூபாய்க் கணக்காக மட்டும் பார்ப்பதால் வருவதுதான். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களுக்கானது. ஓராண்டில் இரவல் போன, எடுத்துப் படிக்கப்பட்ட ஒவ்வொரு 1,000 நூலுக்கும் 5 நூல் தொலைவது நியாயமான இழப்பு என்கிறது, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை. உங்கள் நூலகத்தில் இரவல் மட்டுமே ஆண்டுக்கு 11,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓராண்டுக்கே 55 வருகிறது. ஆறு ஆண்டுக்கு 330. நீங்கள் சொல்லும் 83 எங்கே, இது எங்கே! இது மத்திய அரசு அமைப்புகளுக்கான விதி, உங்கள் கல்லூரியை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் எவ்வளவு இழப்பு இயல்பு என்று நூலகக் குழுவிடம் எடுத்துக்காட்ட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. அதே விதி, 20,000க்கு மேல் 50,000 வரை நூல் இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ண வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு ஆண்டு எண்ணாமல் விட்டதற்கு நிர்வாகமும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து, சம்பளப் பிடித்தம். கவனக்குறைவால் வந்த இழப்பைச் சம்பளத்தில் பிடிப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் ஒரு தண்டனையாகவே இருக்கிறது. அரசுக் கல்லூரியாக இருந்தால் அந்த விதிகளின் 17(ஏ) பிரிவில் மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, அப்புறம்தான் ஆணை போட முடியும். உதவி பெறும் கல்லூரியிலும் அதே நியாயத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: எழுத்தில் குற்றச்சாட்டு, எழுத்தில் பதில். எனவே வாய்மொழிக்குப் பணம் கட்டாதீர்கள், "நானே கட்டிவிடுகிறேன்" என்று கடிதமும் தராதீர்கள். நல்ல மனசோடு எழுதிக் கொடுத்த ஒற்றைக் கடிதம் பின்னால் ஒப்புதல் வாக்குமூலமாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பதவி உயர்வு. இங்கேதான் நான் உங்களுக்காக உண்மையாகவே கவலைப்படுகிறேன், அதுவும் செயலர் சொன்ன காரணத்துக்காக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைப்படி ஊதிய நிலை லெவல் 10இலிருந்து 11க்குப் போக, பிஎச்.டி. உள்ள நூலகருக்கு நான்கு ஆண்டுப் பணி வேண்டும், கூடவே 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி, நூலகத் தானியக்கம் போன்றவற்றில் குறைந்தது 5 நாள் பயிற்சி. அதற்கான மதிப்பீட்டு அட்டவணையில் இருப்புச் சரிபார்ப்பு தனி வரி. எண்ணிப் பார்த்து, காணாமல் போனது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'நன்று', 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'திருப்தி'. உங்களுடையது 0.35 சதவீதம், ஆகவே இந்த ஆண்டு நீங்கள் 'நன்று'. ஆனால் எண்ணவே இல்லை என்றாலும் 'திருப்தியில்லை' என்றுதான் அந்த வரி சொல்கிறது. மொத்தத் தரத்துக்கு வருகைப் பதிவு போல இந்த வரியும் கட்டாயம். ஆக, உங்களுக்குக் குழி 83 நூலில் இல்லை, எண்ணாமல் போன முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் ஆள் கேட்டு, நூலகத்தை ஒரு வாரம் மூட அனுமதி கேட்டு பிரின்சிபாலுக்கு ஏதாவது எழுதினீர்களா? மின்னஞ்சல், நூலகக் குழு மினிட்ஸ், எதுவானாலும் தேடி எடுங்கள். அரையும் குறையுமாக ஒரு பாடப்பிரிவை மட்டும் பார்கோடு வைத்துச் சரிபார்த்திருந்தாலும் அந்தப் பட்டியலைத் தேதியோடு கோப்பில் சேருங்கள். இனி முழு நூலகத்தையும் மூடக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் தேர்வு விடுமுறையில் எண்ணி, அறிக்கையைக் குழுவின் முன் வையுங்கள்.

பொறுப்பேற்றபோது பட்டியல் தரப்படவில்லை என்பதையும் இப்போதே எழுத்தில் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு முன்னால் தொலைந்தது எது, பின்னால் தொலைந்தது எது என்று பிரித்துக் காட்ட வேண்டியது குற்றம் சொல்பவர்களின் வேலை. நூலக மென்பொருளான கோஹாவில், காணாத நூல் ஒவ்வொன்றின் சேர்க்கை எண்ணுக்கும் உரிய கடைசி இரவல் தேதியை எடுத்து இணைத்தால் அதில் பாதி வேலை முடிந்துவிடும்.

காணாத நூல்களைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய அவசரப்பட வேண்டாம். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூல்களையும் அரிய நூல்களையும் அந்த 215ஆம் விதியே தனியாக விசாரிக்கச் சொல்கிறது, அவற்றை 83இலிருந்து பிரித்துவிடுங்கள். அதற்கு முன் துறைகளின் அலமாரிகளைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். நோ டியூஸ் (நூல் பாக்கி இல்லை) கையெழுத்து வாங்கி ஓய்வு பெற்றுப் போன பேராசிரியர்களுக்கும் ஒரு போன் போடுங்கள், எனக்குத் தெரிந்து பாதிக் 'காணாமல் போன' நூல்கள் அங்கேதான் இருக்கும்.