திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் பேசியது பாட்டைப் பற்றி மட்டுமா?

தம்பி, அட்லாண்டா பக்கத்து ஆல்ஃபரெட்டா ஆபீஸிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். திங்கட்கிழமை மதியம் சாப்பிடும்போது, முந்தின நாள் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டமான 2025 சூப்பர் பவுலின் இடைவேளையில் கென்ட்ரிக் லமார் நடத்திய ராப் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. ஒருவர் இதைப் போல ஒரு நிகழ்ச்சி வந்ததே இல்லை என்றார். இன்னொருவர் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியா இது என்று முகம் சுளித்தார். மூன்றாமவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு பாட்டுக்கு ஏன் இத்தனை சூடு, நாம் இதில் வாய் திறக்கலாமா, இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மகளின் வகுப்பில் ஒரு பையன் நம்மவர்கள் ஆங்கிலம் பேசுவதைப் போலப் பேசிக் காட்டி அவளைக் கேலி செய்ததையும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்தான்.

கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டீக்கடையில் நடப்பது போல அரசியலை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கும் வழக்கம் இங்கே ஆபீஸில் கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்பது நாகரிகம் இல்லை. நிறத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இன்னும் பயம். ஆனால் நேற்றைய ஆட்டம், புதிய டிவி தொடர், விருது விழா இதையெல்லாம் யாரும் பேசலாம். அதனால் மனசுக்குள் அடக்கி வைத்திருப்பது எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. உங்கள் மேசையில் அன்றைக்கு நடந்ததும் அதுதான்.

அந்த 13 நிமிடத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் அங்கிள் சாம் வேடத்தில் வருகிறார். அமெரிக்க அரசாங்கத்தையே ஓர் ஆளாக உருவகித்தால் அதுதான் அங்கிள் சாம். முதல் உலகப் போரின்போது விரலை நீட்டிப் பட்டாளத்துக்கு ஆள் கூப்பிட்ட சுவரொட்டிக் கிழவர். எப்போதும் வெள்ளைக்காரராகவே வரையப்பட்டவர். அந்த வேடத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் நின்றுகொண்டு, பாடுகிற கறுப்பினக் கலைஞரைப் பார்த்துச் சத்தம் அதிகம், முரட்டுத்தனம் அதிகம் என்று கடிந்துகொள்கிறார். நடுவில் மெல்லிசையாக ஒரு பாட்டு வந்ததும், இப்படித்தான் அமைதியாக இருக்க வேண்டும், அமெரிக்காவுக்குப் பிடித்தது இதுதான் என்று மெச்சுகிறார். ஆடுகிறவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். சிவப்பு, வெள்ளை, நீல உடையில் தேசியக் கொடியாக அணிவகுக்கிறார்கள். கொடி நடுவில் இரண்டாகப் பிரிகிறது. பிளவில் லமார் நிற்கிறார்.

ஓரிடத்தில் '40 ஏக்கர், ஒரு கோவேறு கழுதை' என்று சொல்வார், காதில் விழுந்ததா? அது நம் ஜார்ஜியா சங்கதி. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், சவானா நகரில் முகாமிட்டிருந்த தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பங்களுக்குக் கடலோர நிலத்தில் 40 ஏக்கர் வரை கொடுக்க வேண்டும் என்பது ஆணை. உழுவதற்குப் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளும் சிலருக்குக் கிடைத்தன. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டிலேயே நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 160 ஆண்டாகத் தீராத அந்தக் கணக்கை, பதவியில் இருக்கும் அதிபர் முதல் தடவையாக நேரில் வந்து உட்கார்ந்திருந்த சூப்பர் பவுல் மைதானத்தில், 13 கோடிப் பேர் பார்க்க ஒருவர் எடுத்துச் சொன்னார். சூடு வராமல் என்ன செய்யும்?

அந்த விளையாட்டுக்கே ஒரு கதை இருக்கிறது. 2016இல் காலின் கேப்பர்னிக் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர், கறுப்பினத்தவர் போலீஸ் கையில் சாவதைக் கண்டித்துத் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்க மறுத்தார். முதலில் உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னாள் ராணுவ வீரர் ஒருவரோடு பேசி, சக வீரனின் கல்லறை முன் படைவீரர்கள் செய்வது போல ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி நின்றார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாயிட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, இனவெறியை ஒழிப்போம் என்ற வாசகத்தை, ஆட்டத்தை நடத்தும் அதே லீக் மைதானத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கியது. 2025 சூப்பர் பவுலில் அது இல்லை, அன்பைத் தேர்ந்தெடுப்போம் என்ற வாசகம் இருந்தது. புல்தரையில் எழுதுகிற எழுத்து மாறினால்கூடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இங்கே கண்டுகொள்வார்கள்.

சரி, இனி நீங்கள் வீடு பார்க்கும் ஊருக்கு வருகிறேன். கம்மிங் பக்கம் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நானும் அதே ஃபோர்சைத் கவுன்டியில்தான் (நம் ஊர் மாவட்டம் போல) இருக்கிறேன். இந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு குடிவாருங்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொல்லப்பட்ட வழக்கில், கைதான கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பல் சிறைக்குள் புகுந்து பிடித்துக் கொன்றது. பதின்ம வயதுப் பையன்கள் இருவரை நீதிமன்றம் தூக்கில் போட்டது. பிறகு இரவு நேரத்தில் குதிரையில் வந்த கும்பல்கள் வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தி, கவுன்டியில் இருந்த ஏறக்குறைய 1,100 கறுப்பினத்தவரையும் விரட்டின. பலருடைய நிலம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பின் 75 ஆண்டுக்கு இங்கே கறுப்பினக் குடும்பம் குடியிருக்க முடியாத நிலை.

1987 ஜனவரியில், கறுப்பினத்தவரின் சம உரிமைக்குப் போராடிய ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் இங்கே ஊர்வலம் வந்தது. கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரமே ஏறக்குறைய 20,000 பேர், ராணுவக் காவலோடு, திரும்ப வந்தார்கள். பிப்ரவரியில் கறுப்பின டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே வந்தார். அப்போது அவருக்கு 33 வயது. அவர் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்களை மட்டும், அதாவது வெள்ளைக்காரர்களை மட்டும், உட்காரவைத்துப் பேசினார். வெளியே வில்லியம்ஸ் எதிர்த்து நின்று கைதானார். ஒளிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். ஒருவர் எழுந்து, கறுப்பினத்தவரில் நல்லவர் வேறு, மற்றவர் வேறு என்று வசைச் சொல்லைப் போட்டே பிரித்துக் காட்டுகிறார். ஓப்ரா மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், என்ன வித்தியாசம் சொல்லுங்கள் என்று கேட்கிறார். அதே கூட்டத்தில், எல்லாரும் வந்து வாழட்டும் என்று பயந்து பயந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மதியம் சமையல் நிகழ்ச்சியும் சோப்பு விளம்பரமும் பார்க்கிற நேரத்தில் அமெரிக்கா இதைப் பார்த்தது. ஒரு டிவி நிகழ்ச்சியால் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூடி வைத்திருந்ததை நாடு முழுக்க நேருக்கு நேர் பார்க்க வைத்தது அதுதான். இன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இந்தக் கவுன்டியில் நம்மவர்கள் கொலுவும் பொங்கலும் வைக்கிறோம். கறுப்பினத்தவர் இன்னும் கொஞ்சம்தான். நம் தெருவில் புல் வெட்டிக்கொண்டு நிற்கும்போது இது எனக்கு நினைவுக்கு வராத நாள் குறைவு.

திரைக்கு இதற்கு நேர்மாறான பலமும் உண்டு. 1915இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப்படம் முகமூடிக் கும்பலைக் காவல் தெய்வமாகக் காட்டியது. அந்தக் கும்பல்தான் கறுப்பினத்தவரை வேட்டையாடிய கூ கிளக்ஸ் கிளான். செத்துப் போயிருந்த அது அந்த ஆண்டே மறுபடி உயிர்பெற்றது. எங்கே தெரியுமா? அட்லாண்டா பக்கத்து ஸ்டோன் மவுன்டன் உச்சியில். எல்லாத் தமிழ்க் குடும்பமும் வந்த புதிதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிற அதே பாறைதான். அதில் செதுக்கியிருக்கும் மூன்று குதிரை வீரர்களும் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதியின் தலைவர்கள். 1963 வாஷிங்டன் உரையில் மார்ட்டின் லூதர் கிங் இந்தப் பாறையின் பெயரைச் சொல்லித்தான், இங்கிருந்தும் விடுதலை ஒலிக்கட்டும் என்றார்.

ஆனால் உங்கள் மேசையில் ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்பதைக் கொண்டு யாரையும் தரம் பிரித்துவிடாதீர்கள். ஒரே காட்சியை ஆளுக்கு ஒரு விதமாகப் பார்ப்பது இங்கே பழைய கதை. 1971இல் நார்மன் லியர் ஒரு டிவி தொடர் எடுத்தார். ஆர்ச்சி பங்கர் என்ற நிறவெறி பிடித்த குடும்பத் தலைவரைக் கேலி செய்வதுதான் நோக்கம். சில ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களைக் கேட்டுப் பார்த்தபோது, வெறுப்பு உள்ளவர்கள் ஆர்ச்சிதான் வாதத்தில் ஜெயிக்கிறார் என்று ரசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்ற உங்கள் சக ஊழியருக்கு நிஜமாகவே ராப் காதில் ஏறாமல் இருக்கலாம். எழுந்து போனவருக்குப் பேச ரொம்ப இருந்திருக்கலாம்.

நெருக்கடி வரும்போது இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 1992 ஏப்ரல் 29இல், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. மறுநாள் இரவு, வசதியான கறுப்பின டாக்டர் குடும்பத்தைக் காட்டி நாடே கொண்டாடிய 'காஸ்பி ஷோ'வின் கடைசிப் பகுதி. வீட்டில் இருந்து அதைப் பாருங்கள் என்று நகரத்தின் கறுப்பின மேயர் டாம் பிராட்லியே மக்களைக் கேட்டுக்கொண்டார். டிவியில் ஒரு குடும்பம், ஜன்னலுக்கு வெளியே புகை. 2003இல் ஈராக் போருக்கு முன்னால் கன்ட்ரி இசை (தென்பகுதிக் கிராமத்து இசை) பாடும் டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷை விமர்சித்து ஒரே ஒரு வாக்கியம் பேசினார். கன்ட்ரி இசை ரேடியோக்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. லூசியானாவில் சிடிகளை டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். அதே கன்ட்ரி இசையில் ஆல்பம் போட்டுத்தான் கறுப்பினப் பாடகி பியான்சே 2025 பிப்ரவரியில் கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பத்தை வாங்கினார். கன்ட்ரி இசைச் சங்கத்தின் 2024 விருதுப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் வரவே இல்லை. இதையும் உங்கள் ஆபீஸில் பேசுவார்கள், காத்திருங்கள்.

மேசையில் என்ன செய்வது? வாய் திறக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கேளுங்கள். அந்தக் கொடி பிரிந்ததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். ராப் பாட்டில் வருகிறதே என்று கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த 'என்' எழுத்து வசைச் சொல்லை நீங்களோ பிள்ளைகளோ கூடச் சேர்ந்து பாடக் கூடாது, காரில்கூட. தமிழ்ச் சங்க நாடகத்துக்கு முகத்தில் கரி பூசவும் கூடாது. 1830களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. பிற்பாடு தென்மாநிலங்களில் இனத்தைப் பிரித்து வைத்த சட்டங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்புறம், நம் சினிமாவில் கறுப்பு நிறத்தை வைத்து வரும் நகைச்சுவையை வாட்ஸாப் குழுவில் அனுப்புவதை நிறுத்துங்கள். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு அதைப் பார்த்து நம் மேல் உள்ள மரியாதை போகிறது. போக வேண்டியதுதான்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசியர்கள் இந்த நாட்டில் பெருவாரியாகக் குடியேற வழிவிட்ட சட்டம் 1965இல் வந்தது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய அதே ஆண்டுகள். அவர்கள் அடிபட்டுத் திறந்த கதவு அது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் பேசிக் காட்டிய குரல் அவன் கண்டுபிடித்தது இல்லை. 1990இலிருந்து 'சிம்சன்ஸ்' கார்ட்டூனில் கடைக்காரர் அப்புவுக்கு ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர் கொடுத்த குரல் அது. ஒரு தலைமுறை இந்தியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலை வைத்தே சீண்டினார்கள். 2017இல் ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2020இல் அசாரியா அந்தக் குரலை விட்டார், பின்னால் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அதே 2020இல் 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண்ணாக மைத்ரேயி ராமகிருஷ்ணன் வந்தார். அந்த நடிகை ஈழத்திலிருந்து கனடாவுக்கு அகதியாகப் போன குடும்பத்துப் பெண். என் மகள் அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. உங்கள் மகளுக்கு அந்தத் தொடருக்கு இன்னும் வயது பத்தாது, அப்புவின் கதையைச் சொல்லுங்கள்.

விளையாட்டுக்குச் சொன்னான் என்று அவளிடம் சமாதானம் பேசாதீர்கள். என்றைக்கு, என்ன சொன்னான், யார் கூட இருந்தார்கள் என்று எழுதி வகுப்பாசிரியருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், ஒரு பிரதி கவுன்சலருக்கும். கோபமாக எழுத வேண்டாம், எழுத்தில் இருந்தால் போதும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், முதல்வரைப் பார்க்க நானும் வருகிறேன். வருகிற சனிக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டாவில் கிங் பிறந்த ஆபர்ன் அவென்யூ போகிறோம். காரில் இடம் இருக்கிறது.